வாரியக் குடியிருப்புகளின் மொட்டைமாடியில் சூரிய மின்சாரம்: ஏழை வீட்டு மின்கட்டணம் குறைய ஒரு வழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடு அமைப்போருக்கு ஒன்றிய அரசு வழங்கும் மானியத்தைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறேன். அந்தச் செய்திகளில் வரும் படங்கள் பெரும்பாலும் சொந்த மனையில் கட்டிய தனி வீடுகளின் படங்களாகவே இருக்கின்றன. கூரை என்று ஒன்று தமக்கென இல்லாத, அரசின் குடிசை மாற்று வாரியம் கட்டித் தந்த அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்களுக்கு இந்தத் திட்டத்தில் என்ன இடம் இருக்கிறது என்ற கேள்வியைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் முன்னும் வாசகர்களின் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

நான் பணி ஓய்வு பெற்ற மேல்நிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியர். சென்னையின் தெற்கே உள்ள ஒரு மறுகுடியமர்வுப் பகுதியில், மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாகப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒரு மே மாதத்தில், என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் தாயார் மின்கட்டண அட்டையைக் கொண்டுவந்து காட்டி, "சார், ஃபேன் ரெண்டுதான் ஓடுது, டிவி கூட இப்போ போடுறதில்ல, ஏன் சார் இவ்வளவு வருது?" என்று கேட்டார். அவர் வீட்டு வேலை செய்பவர்; கணவர் பெயின்டர். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட பிறகு, பழைய வேலையிடங்களுக்குச் சென்று வரும் பேருந்துச் செலவே அவர்களுக்கு ஒரு வாடகையைப் போல ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதன் பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கின் விளைவே இக்கடிதம்.

பிரிட்டனில் 'எரிபொருள் வறுமை' என்று ஒரு சொல் உண்டு. வீட்டைப் போதிய வெப்பத்தில் வைத்திருக்க வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் செலவிட வேண்டிய குடும்பம் இந்த வறுமையில் இருக்கிறது என்பது அங்கே நெடுங்காலம் வழங்கிய வரையறை. குளிர் நாட்டில் பிறந்த அந்தக் கருத்து நமக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிட வேண்டாம். அங்கே சனவரியில் வருவது இங்கே அக்னி நட்சத்திரத்தில் வருகிறது. பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு இரண்டு மணி வரை வெப்பத்தைக் கக்கும் மேல்தள வீட்டில், கைக்குழந்தையும் மூத்தவர்களும் இருக்கும்போது, மின்விசிறியை நிறுத்தித்தான் பணத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற நிலை வறுமை அல்லாமல் வேறென்ன? வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராகவே தமிழ்நாடு அரசு அறிவித்தது. பேரிடர் என்று ஏற்றுக்கொண்டால், அதிலிருந்து ஏழைகளைக் காக்கும் எளிய கருவியான மின்விசிறி ஓடுவதற்கான மின்சாரத்தையும் அந்தக் கண்ணோட்டத்திலேயே பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2016 மே மாதம் முதல் இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் எல்லா வீடுகளுக்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. இது பெரிய உதவி என்பதை எந்த வாரியக் குடியிருப்பில் கேட்டாலும் சொல்வார்கள். அடுத்த 100 யூனிட்டுக்கும் மானியம் இருப்பதால் யூனிட்டுக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சமே ஆகிறது. ஆனால் 200-ஐத் தாண்டியதும் யூனிட் விலை ஏறத்தாழ இருமடங்காகிறது. 500-ஐத் தாண்டிவிட்டால் சலுகையின் ஒரு பகுதியும் பறிபோகிறது. ஏழை வீடு 200-ஐத் தாண்டாது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

கணக்கு இதுதான். சாதாரண மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுத்துக்கொள்ளும். கோடையில் அது நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் ஆகிறது. இரண்டு மின்விசிறிகளுக்கு 3 யூனிட். 60 நாளில் 180 யூனிட். விளக்கு, தொலைக்காட்சி, மிக்ஸி, கிரைண்டர், சிறிய குளிர்பதனப் பெட்டி எல்லாம் சேர்ந்து இன்னும் 80 யூனிட் வந்தால் மொத்தம் 260. கட்டணம் 500 ரூபாய்க்குச் சற்று மேல். மாதம் நிலையான சம்பளம் வாங்குபவருக்கு இது சிறு தொகையாகத் தெரியலாம். கட்டட வேலையும் பெயின்ட் வேலையும் வெயிலால் நாள் தவறும் மே மாதத்தில், அடுத்த மாதம் பள்ளி திறக்கப்போகும் வேளையில், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே முறையாகக் கேட்கப்படும்போது அது சிறு தொகை அல்ல. மாதந்தோறும் கணக்கெடுக்கும் முறை வந்தால் சுமை சற்றுப் பகிர்ந்துபோகும் என்பதும் உண்மைதான். அது தனியாகப் பேச வேண்டிய பொருள்.

சூரிய மின்சாரத்தை ஏழை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 2011-இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய ஒளி மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் மிகத் துணிச்சலான திட்டம். ஊராட்சிப் பகுதிகளில் 300 சதுர அடி மனைப் பட்டா உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு முழுச் செலவையும் மாநில அரசே ஏற்று வீடு கட்டித் தந்தது. ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஐந்தாண்டில் 3 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. வீடொன்றுக்கு ஒதுக்கிய 1.80 லட்சம் ரூபாயில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கானது. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என ஐந்து விளக்குகள் எரியும். மின்வெட்டு பல மணி நேரம் நீடித்த அந்த ஆண்டுகளில், ஊரே இருண்டு கிடந்தபோது பசுமை வீடுகளில் மட்டும் விளக்கு எரிந்ததை என் சொந்த ஊரில் நானே பார்த்திருக்கிறேன். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள்.

ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதே தெருவுக்குச் சென்றபோது, நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் தகடு கூரையில் இருந்தது, விளக்கு எரியவில்லை. தகட்டில் ஒரு பழுதும் இல்லை. சூரிய மின்தகடு 25 ஆண்டு உழைக்கும் பொருள். அதனோடு இணைத்த பேட்டரியின் ஆயுளோ நான்கைந்து ஆண்டுதான். பேட்டரி தீர்ந்ததும் புதிது வாங்குவது யார் பொறுப்பு என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. அவர்கள் ஊராட்சியில் கேட்டார்கள், ஊராட்சியில் வேறோர் அலுவலகத்தைச் சொன்னார்கள், அங்கே போனவர்களுக்கு ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். கடைசியில் பேட்டரிகள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின. திட்டத்தின் நோக்கத்தில் குறை இல்லை. பராமரிப்பை யார் பார்ப்பது, அதற்குப் பணம் எங்கிருந்து வருவது என்று முதல் நாளே எழுதி வைக்காததுதான் குறை. இனி எந்தத் திட்டம் வந்தாலும் இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

இன்றைய நிலை வேறு. பேட்டரி இல்லாமலே, கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பிக்கு அனுப்பி, நாம் பயன்படுத்தியதிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளும் நிகர அளவீட்டு முறை வந்துவிட்டது. தகடுகளின் விலை பெரிதும் குறைந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கி, ஒரு கோடி வீடுகளை எட்டுவது இலக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். 2011-இல் ஐந்து விளக்குகளுக்காக மாநில அரசு ஒதுக்கிய அதே 30,000 ரூபாயை இன்று ஒன்றிய அரசின் 30,000 ரூபாயோடு சேர்த்தால், ஏறத்தாழ ஒரு கிலோவாட் கூரை மின்நிலையமே ஒரு வீட்டுக்குக் கிடைத்துவிடும். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 240 யூனிட். 100 சதுர அடி இடம் போதும். 2024 முதல் ஊரகங்களில் கட்டப்படும் கலைஞரின் கனவு இல்லம் வீடுகளுக்கு 3.50 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. அவற்றின் கான்கிரீட் கூரையில் இதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. அந்த வீடுகளின் செலவுக் கணக்கிலேயே கூரை மின்சாரத்துக்கும் ஒரு வரி சேர்த்துவிட்டால், பயனாளி தனியாக விண்ணப்பித்து, கடன் வாங்கி, அலைய வேண்டியதில்லை. பக்கத்தில் கேரளத்தில், அம்மாநில அரசின் மாற்று எரிசக்தி முகமையான அனெர்ட், லைஃப் என்னும் வீட்டுத் திட்டத்தில் வீடு பெற்ற பட்டியலினக் குடும்பங்களின் கூரைகளில் இலவசமாகச் சூரிய மின்தகடு அமைத்துத் தரும் பணியைத் தொடங்கியது. நாமும் செய்ய முடியும்.

தனி வீடுகளுக்கான வழி இவ்வளவு எளிது. நகரத்து வாரியக் குடியிருப்புகளில்தான் சிக்கல். 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கப்பட்டு, 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்ட நிறுவனத்தின் கீழ், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனச் சென்னையின் தென்கோடியில் மட்டுமே பல பத்தாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. பெரும்பாக்கத்தில் எட்டு தளக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நான்காம் தளத்தில் குடியிருப்பவருக்கு மானியத்துக்கு விண்ணப்பிக்கக் கூரை ஏது? மொட்டைமாடி வாரியத்துடையது. அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒதுக்கீட்டு ஆணை. விற்பனைப் பத்திரம் இன்னும் பலருக்குக் கைக்கு வரவில்லை. ஆக, மூன்று கிலோவாட் அமைக்க முன்பணம் போடும் வசதியும் சொந்தக் கூரையும் உள்ளவருக்கு 78,000 ரூபாய் மானியம் போகிறது. மே மாதக் கட்டணத்தைக் கண்டு மின்விசிறியை நிறுத்துபவருக்கு ஒன்றும் போவதில்லை. இது யாரும் திட்டமிட்டுச் செய்த அநீதி அன்று என்றாலும், அநீதிதான்.

இதே திட்டத்தில் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு, பொது வசதிகளுக்கான மின்சாரத்துக்கென, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. 500 கிலோவாட் வரை பெறலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. வாரியக் குடியிருப்புகளில் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தின் வழியாகச் சங்கங்கள் ஏற்கெனவே அமைக்கப்பட்டு வருகின்றன. அமைப்பு இருக்கிறது, மானியம் இருக்கிறது, கூரை இருக்கிறது, வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. இவற்றைச் சேர்த்து வைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை வாரியத்தினுடையதாகத்தான் இருக்க முடியும்.

ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தளத்துக்கு 12 வீடுகள், எட்டு தளம், மொத்தம் 96 வீடுகள் என்று வைத்துக்கொள்ளலாம். வீடு சுமார் 400 சதுர அடி என்றால், நடைவழியையும் சேர்த்து மொட்டைமாடி 5,000 சதுர அடிக்குக் குறையாது. தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி அறை, அவற்றின் நிழல் விழும் பகுதி எல்லாம் போகப் பாதி இடம் கிடைத்தால் 25 கிலோவாட் அமைக்கலாம். நாளொன்றுக்கு 100 யூனிட். இரண்டு மாதத்தில் 6,000 யூனிட். அதை 96 வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 62 யூனிட் வருகிறது. "இவ்வளவுதானா?" என்று என் மாணவர்களும் கேட்டார்கள். உயரமான கட்டடத்தின் கூரை அதிலுள்ள எல்லா வீடுகளையும் தாங்கும் அளவுக்குப் பெரிதன்று என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இந்த 62 யூனிட்டைத் தனியாக நிறுத்திப் பார்க்கக் கூடாது. இப்போது கடைகளில் கிடைக்கும் மின்சிக்கன மின்விசிறிகள் 30 வாட்டில் அதே காற்றைத் தருகின்றன. மேலே சொன்ன வீட்டில் இரண்டு விசிறிகளையும் மாற்றினால் 180 யூனிட் 72 ஆகிவிடும். 108 யூனிட் மிச்சம். 260 என்று இருந்த பயன்பாடு 152 ஆகிறது. அதிலிருந்து கூரை தரும் 62-ஐக் கழித்தால் 90. இது 100-க்குள் வந்துவிட்டது; கட்டணமே இல்லை! தகடு மட்டும் போட்டால் 260 என்பது 198 ஆகி, கட்டணம் 230 ரூபாய் அளவில் நிற்கும். விசிறியை மட்டும் மாற்றினாலும் கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால், கோடையின் உச்சத்திலும் ஓர் ஏழைக் குடும்பம் மின்விசிறியை நிறுத்தாமல் இரவு முழுவதும் தூங்கலாம், ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். அன்று அந்தத் தாயாருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். சூரிய மின்சாரத் திட்டம் என்று பெயர் வைத்துவிட்டு விசிறியை விட்டுவிட்டால் பயன் பாதியாகக் குறைந்துபோகும் என்பதை அதிகாரிகள் கவனிக்க வேண்டுகிறேன். இதில் ஒரு நிபந்தனையும் உண்டு: கூரை மின்சாரத்தைக் கழித்த பிறகு வரும் மீதிப் பயன்பாட்டுக்கே 100 யூனிட் இலவசம் பொருந்த வேண்டும். கணக்கு முறையில் இது மாறிப்போனால் முழுப் பயனும் போய்விடும்.

எட்டு தளக் கட்டடத்துக்குப் பதிலாக நான்கு தளக் கட்டடத்தை எடுத்தால் கணக்கு இன்னும் நன்றாக வருகிறது. அதே கூரை, ஆனால் 48 வீடுகள். வீட்டுக்கு 125 யூனிட். மின்தூக்கியும் இல்லை. ஆகையால் உயர்ந்த கோபுரங்களை விட்டுவிட்டு, மூன்று தளம், நான்கு தளம் கொண்ட பழைய தொகுப்புகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. திறப்பு விழாப் படத்துக்கு எட்டு மாடிக் கட்டடம் அழகாக இருக்கும். பயன் நான்கு மாடியில்தான் அதிகம். கட்டடத்தின் வயதையும் தளத்தின் வலிமையையும் பொறியாளர் ஆய்ந்து சான்றளித்த பிறகே தகடு ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இடித்துக் கட்ட வேண்டிய நிலையில் உள்ள கட்டடத்தின்மேல் தகடு வைப்பது பணத்தையும் மக்களின் நம்பிக்கையையும் வீணாக்கும்.

உயர்ந்த கட்டடங்களில் வேறொரு வழியும் இருக்கிறது. மின்தூக்கி, தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்புக்கு யூனிட் விலை 8 ரூபாய்க்கு மேல். 2023-இல் இந்தக் கட்டணம் குறைக்கப்பட்டபோது, 10 வீடுகளுக்கு மிகாத, மூன்று தளத்துக்கு மேற்படாத, மின்தூக்கி இல்லாத சிறிய அடுக்ககங்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை கிடைத்தது. எட்டு தளத்தில் ஏழைகளே வாழ்ந்தாலும் அது அந்த வரம்புக்குள் வராது. கூரை மின்சாரத்தை இந்தப் பொது இணைப்புக்குத் திருப்பினால் யூனிட்டுக்கு யூனிட் கிடைக்கும் லாபம் அதிகம். மோட்டாரைப் பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டால் இன்னும் நல்லது. பராமரிப்புக் கட்டணத்தில் பணம் போதாமல் மின்தூக்கி பழுதாகி நிற்கும் கட்டடங்களில், ஏழாம் மாடிக்குக் குடத்தோடு ஏறும் பெண்களையும், மாதாந்திர மருத்துவப் பரிசோதனைக்கே இறங்கி வர முடியாத முதியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வீடுகளுக்குப் பகிர்வதா, மின்தூக்கிக்குக் கொடுப்பதா என்பதை அந்தந்தக் கட்டடத்தின் சங்கமே முடிவு செய்யட்டும். ஆனால் இரண்டு கணக்கையும் எளிய தமிழில் எழுதி, கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டி, எல்லோரும் படித்த பிறகு முடிவு செய்யட்டும்.

ஒரே கூரையின் மின்சாரத்தைப் பல வீடுகளின் கணக்கில் வரவு வைப்பது முடியாத காரியமன்று. டெல்லியில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே இதற்கான நெறிமுறையை வெளியிட்டுவிட்டது. கூரை ஓரிடத்தில் இருக்கலாம், பயனாளிகள் பலராக இருக்கலாம், ஒவ்வொருவரின் பங்கும் அவரவர் கட்டண அட்டையில் கழியும். பிரிட்டனில் கார்டிஃப் நகரத்துச் சமூகக் குடியிருப்பு ஒன்றில், 24 வீடுகளுக்கு ஒரே கூரையின் மின்சாரத்தைப் பிரித்தளிக்கும் கருவியையே பொருத்தியிருக்கிறார்கள். லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் 2012-இல் ஒரு சமூகக் குடியிருப்பின் கூரையில் 37 கிலோவாட் அமைத்தபோது, அந்தப் பகுதி மக்களே பங்கு வாங்கிச் சேர்ந்தார்கள்; வருவாயில் ஒரு பகுதியை வீடுகளில் மின்சிக்கனத்துக்கென ஒதுக்கினார்கள்; அங்குள்ள இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சியும் கொடுத்தார்கள். நம் மக்களிடம் பங்கு வாங்கப் பணம் இல்லை. ஆனால் அந்தப் பயிற்சி என்னும் பகுதி நமக்கு அப்படியே பொருந்தும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்கிறார்கள்.

பராமரிப்புக்கு மீண்டும் வருகிறேன், ஏனெனில் பசுமை வீடுகளில் நாம் தோற்ற இடம் அதுதான். ஒப்பந்ததாரருக்கு எத்தனை கிலோவாட் அமைத்தார் என்பதைப் பார்த்து முழுப் பணத்தையும் கொடுத்துவிடக் கூடாது. ஒரு பகுதியை அமைத்தபோது கொடுத்து, மீதியை ஆண்டுதோறும் எத்தனை யூனிட் உற்பத்தியானது என்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். தகடு தூசி படிந்து கிடந்தாலோ, தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் நின்றுபோனாலோ அவருக்கும் வருமானம் நிற்க வேண்டும்; அப்போதுதான் தொலைபேசியை எடுப்பார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை தகடுகளைக் கழுவும் வேலையை அந்தக் குடியிருப்பின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கே கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். நிறுவனமே தன் செலவில் தகடு அமைத்து, ஆண்டுக்கணக்கில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் முறையும் ஒன்றிய அரசின் திட்டத்தில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. முன்பணம் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழிபோலத் தோன்றும். ஆனால் 100 யூனிட் இலவசமாகவும் அடுத்த 100 மிகக் குறைந்த விலையிலும் கிடைக்கும் வீட்டுக்கு, நிறுவனம் கேட்கும் யூனிட் விலை இப்போது கட்டுவதைவிட அதிகமாகவே அமையலாம். வாரியமே சொந்தமாக முதலீடு செய்வதுதான் ஏழைகளுக்குப் பாதுகாப்பு.

அந்த முதலீடு அரசுக்கு நட்டம் என்றும் எண்ண வேண்டாம். 25 கிலோவாட்டுக்குச் செலவு 12 முதல் 15 லட்சம் ரூபாய் ஆகலாம். பொது வசதிகளுக்கான சங்க மானியம் கிடைத்தால் அதில் 4.5 லட்சம் வந்துவிடும். 96 வீடுகளுக்கும் இரண்டிரண்டு மின்சிக்கன விசிறிகள் கொடுத்தால் விசிறி 2,500 ரூபாய் வீதம் 4.8 லட்சம். வீடொன்றுக்குப் பார்த்தால் மாநில அரசின் பங்கு 16,000 ரூபாயைத் தாண்டாது. இந்த வீடுகளுக்கான இலவச, மானிய யூனிட்டுகளுக்கு அரசு ஒவ்வோர் ஆண்டும் மின் பகிர்மானக் கழகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டேதான் இருக்கிறது. பயன்பாடு குறையும்போது அந்தச் சுமையும் குறைகிறது. ஆண்டுதோறும் கட்டும் பணத்தில் ஒரு பங்கை ஒரு முறை கூரையில் போட்டால் 25 ஆண்டு திரும்பி வரும். 2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைக் கண்ட மாநிலம் இது. பெரிய நிலங்களில் செய்ததை ஏழைகளின் மொட்டைமாடியிலும் செய்யலாம்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மொட்டைமாடி வாரியத்துடையது என்றாலும் அதைப் பயன்படுத்துவது மக்கள். அங்கேதான் துணி காய்கிறது, வடகம் காய்கிறது, கோடை இரவில் பாய் விரிக்கப்படுகிறது. தகடுகளைத் தரையோடு ஒட்டி வைத்துப் பூட்டுப் போட்டுவிட்டால் மக்கள் அதைத் தம்முடையதாக நினைக்க மாட்டார்கள். ஏழு அடி உயரத்தில் சட்டம் எழுப்பி அதன்மேல் வைத்தால் கீழே நிழலான இடம் கிடைக்கும்; வெயில் நேரே படாததால் மேல்தள வீடுகளின் வெப்பமும் தணியும். செலவு சற்றுக் கூடும்தான். 2016-இல் வர்தா புயலைப் பார்த்த நகரம் இது என்பதால் அந்தச் சட்டங்கள் புயல் காற்றைத் தாங்கும் வலிமையோடு இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகள் வெள்ளத்திலும் இருளிலும் கிடந்ததை நினைத்து, இன்வெர்ட்டரும் இணைப்புப் பெட்டிகளும் தரைத்தளத்தில் இல்லாமல் மேலேயே அமைய வேண்டும். இன்னொன்றையும் மக்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: பேட்டரி இல்லாத கூரை மின்நிலையம், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. சொல்லாமல் விட்டால், மின்தடை வரும் முதல் நாளிலேயே "சோலார் வேலை செய்யவில்லை" என்ற பேச்சு பரவும். மாடிப்படி விளக்குக்கும் மின்தூக்கியில் சிக்கியவரை மீட்பதற்கும் மட்டும் ஒரு சிறிய பேட்டரி வைத்துக்கொள்ளலாம்.

சமையல் எரிவாயு விலையும் ஏழை வீட்டின் பெருஞ்சுமை என்பதை அறிவேன். மின்அடுப்பைக் கொடுத்து அதையும் சூரிய மின்சாரத்தில் ஓட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மேலே போட்ட கணக்கில் அதற்கு இடமில்லை. இப்போதைக்கு மின்அடுப்பைக் கொண்டுவந்தால் 100 யூனிட் வரம்பைத் தாண்டி, மிச்சப்படுத்தியதை அதிலேயே இழக்க நேரிடும்.

வாரியத்தின் பழைய கட்டடங்கள் பல இடங்களில் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டு வருகின்றன. கட்டும்போதே மொட்டைமாடியிலிருந்து மீட்டர் அறை வரை ஒரு குழாயைச் சுவருக்குள் பதித்து, தகடு தாங்கும் அடித்தாங்கிகளைத் தளத்தோடு சேர்த்து வார்த்துவிட்டால், அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. கட்டி முடித்த பிறகு சுவரை உடைத்துச் செய்வதென்றால் பல மடங்கு ஆகும், தளமும் ஒழுகும். இன்று ஒப்பந்தப் புள்ளி கோரப்படும் ஒவ்வொரு வாரியக் கட்டடத்துக்கும் இந்த இரண்டையும் கட்டாயமாக்கும் ஆணையை வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை உடனே பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதோடு, வருகிற கோடைக்கு முன்பாக ஏதேனும் ஒரு நான்கு தளத் தொகுப்பைத் தேர்ந்து, தகடும் விசிறியும் சேர்த்து அமைத்து, ஓராண்டுக் காலம் ஒவ்வொரு வீட்டின் மின்பயன்பாட்டையும் முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். என் கணக்கு எங்கே தவறியது, எங்கே சரியானது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரீடிங் எடுக்கவும் பட்டியல் எழுதவும் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் ஆயத்தமாக இருக்கிறார்கள். நானும் அவர்களோடு படியேறி வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சென்னை.